அகப்படாத ஆணி

ஆறு கரையை அரித்துக்கொண்டே வந்தது. மழைக்காலத்துக்குள் மடத்தின் பிரார்த்தனை மண்டபத்தைப் பிரித்து மேட்டுக்கு மாற்றாவிட்டால் அதுவும் தண்ணீரோடு போய்விடும். பிக்குகள் எல்லோரும் சரி என்றார்கள். புன்மா மட்டும் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நிற்க மாட்டாரா பின்னே? துறவு பூணுவதற்கு முன்னால் அவர் தச்சர். அந்த மண்டபத்தைத் தன் கையால் எழுப்பியவர். காலத்துக்கும் அசையக்கூடாது என்று பலகைக்குப் பலகை இரும்பு ஆணியை அறைந்து தள்ளியிருந்தார்.

"அதில் கை வைத்தால் நான் மடத்தை விட்டே போய்விடுவேன், சாமி" என்றார்.

மடத்தின் தலைவரான குரு மறுத்துப் பேசவில்லை. "பாங்காக்கில் இருநூறு வருஷத்து வீடு ஒன்று இருக்கிறது. பார்த்துவிட்டு வரலாம், வா."

தேக்கு வீடு. இப்போது அருங்காட்சியகம். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி, உயரமான வாசற்கட்டையை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார்கள். உள்பக்கம் லேசாகச் சாய்ந்த சுவர்கள். எத்தனையோ பேர் கால் பட்டு மினுமினுத்த தரை. தச்சன் கண் சும்மா இருக்குமா, ஆணித்தலையைத் தேடியது. மூலை மூலையாகத் துழாவியும் ஒன்றுகூட அகப்படவில்லை.

சுற்றிக்காட்டிய பெண் சிரித்தாள். ஓரமாக ஒரு மாதிரிச் சுவர் இருந்தது. "இதை மட்டும் தொடலாம். ஆணிக்குப் பதிலாகச் செருகியிருக்கும் அந்த மரமுளையை இழுத்துப் பாருங்கள்."

புன்மா இரண்டு விரலால் இழுத்தார். சுவர்ப் பலகை குழந்தை மாதிரி அவர் கைக்கு வந்தது. மறுபடி பொருத்தி, முளையைச் செருகி, தோளால் முட்டிப் பார்த்தார். இம்மிகூட அசையவில்லை.

"இவ்வளவு லேசாகக் கழல்கிறதே சாமி, இத்தனை காலம் ஒரே இடத்தில் எப்படி நின்றது?"

"ஒரே இடத்தில் நின்றது என்று யார் சொன்னது?"

"இது நாலாவது இடம்" என்றாள் அந்தப் பெண். "கடைசித் தடவை படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்."

புன்மா சுவரைத் தடவியபடி வெகுநேரம் நின்றார். கண் கலங்கியிருந்தது. குரு அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்து மடத்துப் படகுத்துறையில் இறங்கும்போது புன்மா கேட்டார்.

"ஆணி பிடுங்குகிற கடப்பாரை மடத்தில் இருக்கிறதா, சாமி?"

"இருக்கிறது" என்றார் குரு. "நீ ஆணி அடித்த அன்றைக்கே வாங்கி வைத்தேன்."