சேறு சிரித்த கதை

அந்தக் காலத்தில் கொக்கும் நண்டும் மனிதரும் ஒரே பாஷையில்தான் வாயாடிக்கொண்டிருந்தார்கள். சேற்றுக்கும் பேச வரும். ஆனால் பேசாது. பிடிக்கும், பிடித்தால் விடாது. கடலோர அலையாத்திக் காட்டில் ஒரு யானை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கிழடாகி, அதன் முதுகில் மரமும் முளைத்துவிட்டது. அந்த மரத்தில்தான் கொக்கு கூடு கட்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அந்தச் சேற்றில் நண்டு பிடித்துப் பிழைத்தவர்கள் செங்கமலமும் அவள் புருஷன் குப்பமுத்துவும். அவள் பனைமட்டைகளை ஒவ்வொன்றாக முன்னால் போட்டுக்கொண்டே போவாள். அவன் அதன்மேல் மண்டியிட்டு, வளைக்குள் குச்சி விட்டு நண்டை எடுப்பான். வீடு திரும்பியதும் அவன் கால் சேற்றை அவள்தான் கழுவிவிடுவாள், கணுக்காலைச் சுற்றிச் சுற்றி, மெதுவாக.

ஒருநாள் அவன் தன் அக்காள் எதிரிலேயே, "குழம்புல உப்பைக் கொட்டிட்டா" என்று சொல்லிவிட்டான். மூன்று நாள் பேச்சு இல்லை. நான்காம் நாள் வீம்பாகத் தனியாகவே கிளம்பினான். மட்டை போட ஆள் இல்லை. பத்தாவது எட்டில் வழுக்கி இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் புதைந்தன.

கொக்கு பறந்து வந்து செங்கமலத்திடம் சொன்னது: "உன் வீட்டுக்காரரு நட்டுவச்ச கம்பா நிக்கிறாரு. கடல் வேற ஏறுது."

மட்டைகளை வாரிக்கொண்டு ஓடினாள். தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டிருந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த நிலையிலும்!

அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவனும் உதறினான். உதற உதறச் சேறு இறுக்கியது.

"நல்லா இழு. கால் இங்கேயே இருக்கும், மேல் பாதி வந்துரும்" என்றது கொக்கு.

"வாயை மூடு, நெட்டைக்காலா!" என்று சீறினாள் அவள்.

செங்கமலத்துக்கு அழுகை முட்டியது. மட்டைமேல் குப்புறப் படுத்து, கையைச் சேற்றுக்குள் விட்டு அவன் இடது காலைத் தேடினாள். கணுக்கால் தட்டுப்பட்டதும் கை தன் பழக்கத்தில் சுற்றிச் சுற்றித் தேய்த்தது.

"ஏய்... ஏய்... கூசுது!"

பேசியது சேறு. களுக்கென்று சிரித்தது. சிரிக்கச் சிரிக்கக் கூழாக இளகியது. இடது கால் அசைந்தது.

உடனே வலது காலுக்குத் தாவினாள். அதைச் சுற்றித் தேய்த்து இளக்கி நிமிர்ந்தால், இடது கால் மறுபடி இறுகிக் கிடந்தது.

"ஏன் திரும்பப் பிடிச்ச?"

"நீ கையை எடுத்துட்டியே" என்றது சேறு. "எல்லாரும் உதறிட்டுத்தான் போறாங்க. உன்னை மாதிரி யாரு தடவினா? சும்மா விட்டா நான் இறுகித்தான் போவேன், தாயி."

தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்தது. பக்கத்து அலையாத்தி மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு முங்கி, மீண்டும் இடது காலைத் தேய்த்தாள். இந்த முறை இரண்டே சுற்று. இளகிவிட்டது.

"இப்ப மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்?"

"கொஞ்சம் முன்னாடி சிரிச்ச இடமாச்சே. சிரிப்பு இன்னும் முழுசா அடங்கல."

ஆனால் அதற்குள் வலது கால் இறுகிவிட்டது. ஒருத்தியால் ஆகிற காரியமில்லை என்று செங்கமலத்துக்குப் புரிந்தது.

"என்னய்யா, இந்தக் காலை நான் பாத்துக்கறேன். அந்தக் காலை நீ ஆட்டு. உதறாத. பாப்பாவுக்குத் தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டு."

அவன் தாடை தண்ணீரைத் தொட்டது. பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாகச் செய்தறியாதவன், காலை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தான். அவள் கீழே சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். சேறு இரண்டு பக்கமும் கூச்சம் தாங்காமல் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்த வாயில் பிடி எங்கே நிற்கும்? குப்பமுத்து தக்கையாக மேலே வந்தான்.

வேரில் தொற்றிக்கொண்டு, குடித்த கடல்நீரையெல்லாம் துப்பினான்.

"ஏ புள்ள."

"ம்."

"இப்பத்தான் தெரியுது. உன் குழம்புல உப்புக் கம்மிதான்."

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அங்கேயே, அந்தத் தண்ணீரிலேயே, அவன் காலைக் கழுவிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்த யானையும் காலை ஆட்டிப் பார்த்து, மரத்தோடும் கொக்குக் கூட்டோடும் வீடு போய்ச் சேர்ந்தது.

அன்று முதல்தான் சேறு சும்மா கிடந்தால் இறுகுகிறது, மெல்ல அளைந்தால் இளகுகிறது, சற்றுமுன் அளைந்த இடமென்றால் கேட்பதற்கு முன்பே இளகிவிடுகிறது. அன்று முதல்தான் அந்தக் கரையில் நண்டுக்குப் போகிற புருஷனும் பெண்டாட்டியும், முதல் நாள் எவ்வளவு சண்டை போட்டிருந்தாலும், சேற்றில் இறங்குமுன் ஒரு வார்த்தையாவது பேசிவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.