செங்கானல் நிலையத்து ஆள்காட்டி

பறவையும் மனிதனும் ஒரே பேச்சில் வம்பளந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக்கு ஊமைக் குருவி என்றுதான் பெயர். பேசத் தெரியும். ஆனால் குரலை உயர்த்தியதே இல்லை.

செங்கானல் பள்ளத்தாக்கில் இரும்புக்கல் வெட்டினார்கள். அந்தக் கல்லை ஏற்றிப்போக ஒரு ரயில் நிலையம் இருந்தது. வண்டிக்குத் தடம் மாற்றிவிடுவது தேவசகாயத்தின் வேலை. ஒருநாள் குருவி அவனிடம் வந்தது.

"அண்ணாச்சி, ஓடைக்கரை பூரா சுரங்கத்து மண்ணைக் கொட்டிட்டாங்க. நான் எங்க போய் முட்டை வைக்க?"

"மரத்துல வையேன்."

"என் காலைப் பாருங்க. இது கொப்பைப் பிடிக்கிற காலா?"

அவன் சிரித்துவிட்டான். குருவி ஓர் இடத்தைக் காட்டியது. தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில், இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சின்னச் சந்து. லீவரை இழுத்தால் அந்தச் சந்து மூடிக்கொள்ளும். வண்டி, மண்மேட்டில் முடிகிற பழைய தடத்துக்குத் திரும்பிவிடும். அந்தத் தடம் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

"சரி, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் லீவரைத் தொடமாட்டேன். ஆனா நீ கத்தக்கூடாது."

அதற்குக் காரணம் உண்டு. சுரங்கத்தில் வேட்டு வெடிக்குமுன் ஓர் ஆள் கத்துவான். கேட்டவர்கள் நின்ற இடத்திலேயே குப்புறப் படுத்துவிட வேண்டும். பழகிப் பழகி, கல்யாணப் பந்தலில் யாராவது வீறிட்டால்கூட மாப்பிள்ளை முதலாகப் படுத்துவிடுகிற ஊர் அது.

சந்தை நாளில் கூட்டம் தண்டவாளத்தின் மேலேயே நின்று பேசிக்கொண்டிருந்தது. கல் பொறுக்கும் பூரணி தூரத்திலிருந்தே கையாட்டினாள்.

"ஏ தேவசகாயம், வண்டி வருமா வராதா? இல்லை, உன் குருவிக்குப் பேறுகாலம் முடியட்டும்னு நிறுத்தி வச்சிருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி திரும்பியவன், சுரங்கத்திலிருந்து தடம் இறங்கும் சரிவைப் பார்த்தான். மேலே கட்டியிருந்த சங்கிலி அறுந்து, கல் ஏற்றிய பெட்டிகள் ஆளில்லாமல் உருண்டு வந்துகொண்டிருந்தன.

கத்த வாயெடுத்தான், மூடிக்கொண்டான். கத்தினால் தண்டவாளத்தின் மேலேயே படுத்துவிடுவார்கள். கை லீவருக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. சந்துக்குள் குருவி நாலு முட்டையின் மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையைத் தடுத்தது கொடுத்த வாக்கா, அந்தப் பார்வையா என்று பின்னாளில் எத்தனை யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை.

குருவி சரிவைப் பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. பிறகு எழுந்து, இரண்டடி தள்ளி நின்றது.

"இழுங்க, அண்ணாச்சி."

இழுத்தான். சந்து மூடிக்கொண்டது.

அப்போதுதான் அது கத்தியது. பள்ளத்தாக்கே அதிர்ந்தது. கூட்டம் மொத்தமும் பொத்தென்று குப்புற விழுந்தது. தடம் திரும்பிய பெட்டிகள் மண்மேட்டில் மோதிச் சிதற, கற்கள் அவர்கள் தலைக்கு மேலே பறந்து போயின. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

"யாரு கத்தினது?" என்று பூரணி எழுந்து கேட்டாள்.

தேவசகாயம் குருவியின் அருகே போய் உட்கார்ந்தான். ஈரமான அதன் கண்ணோரத்தில் இரும்புக்கல்லின் செந்தூள் அப்பியிருந்தது.

"நான்தான் இழுத்தேன்" என்றான்.

"நான்தான் சொன்னேன். ஆனா இனிமே ஆள் வந்தா கத்துவேன், அண்ணாச்சி. அதை மட்டும் வேண்டாம்னு சொல்லாதீங்க."

அவன் சொல்லவில்லை. அதன் பிறகு அது ஒரு வார்த்தையும் பேசவில்லை. கத்த மட்டுமே செய்தது. கல் தீர்ந்து, வண்டி நின்று, நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனார்கள். குருவி போகவில்லை.

கண்ணோரத்தில் அந்தச் சிவப்போடு ஆள்காட்டி சல்லிக்கல்லில் முட்டை வைப்பதும், நிழல் தெரிந்தாலே கத்துவதும் அன்று முதல்தான். செங்கானல் ஆட்கள் அந்தக் குரலுக்கு மட்டும் படுக்காமல், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிடுவதும் அன்று முதல்தான்.