பலாப்பழ வாசம் வீசிய குழல்

ஆற்று மடுவின் கரையில் ஒரு புனுகுப்பூனை கடை விரித்தது. காட்டுக் கசப்பிலையின் சாற்றை மூங்கில் குழல்களில் அடைத்து, வெயிலில் காய்ந்த பாறைமேல் வைக்கும். குழல் சூடானதும் ஆவி வரும். உறிஞ்சினால் தலை கிறுகிறுக்கும். ஒரு குழலுக்கு ஒரு மீன் விலை.

நீர்நாய்க் குட்டிகள் ஒருமுறை உறிஞ்சிப் பார்த்தன. தொண்டை எரிந்தது. காறித் துப்பிவிட்டு ஓடிவிட்டன.

புனுகுப்பூனை யோசித்தது. மறுநாள் அதே சாற்றில் பலாச்சுளையைப் பிழிந்து கலந்தது. கரையெங்கும் வாசம் தூக்கியது. குட்டிகள் முண்டியடித்து வந்தன. முன்னால் வந்தவன் துடுப்பன்.

அவனுடைய அக்கா பாசிக்கு மனம் ஒப்பவில்லை. "உள்ளே இருப்பது அதே கசப்பிலைதானே?" என்று கேட்டாள்.

"இனிக்கிறதா இல்லையா? அதை மட்டும் பார், தாயே," என்றது புனுகுப்பூனை.

"வெறும் பழ வாசம்தான் அக்கா. நீ சும்மா பயப்படுகிறாய்," என்றான் துடுப்பன்.

நாள் போகப் போக, குழல் இல்லாமல் அவனுக்குப் பொழுது விடியவில்லை. பிடித்த மீனையெல்லாம் கரையில் கொண்டுபோய்க் கொடுத்தான். கேட்டால் எரிந்து விழுந்தான். நீந்தும்போது அவனுக்கு மூச்சு வாங்குவதைப் பாசி கவனித்தாள். எடுத்துச் சொல்லியும் அவன் கேட்கவில்லை.

ஒரு மாலை செந்நாய்க் கூட்டம் வந்தது. நீர்நாய்கள் சத்தமில்லாமல் மூழ்கி, கரையோர மருதமரத்தின் வேர்களுக்கு அடியில் ஒளிந்தன. செந்நாய்கள் நீர் குடித்துவிட்டுப் போகும்வரை மூச்சடக்க வேண்டும். எப்போதும் செய்வதுதான்.

துடுப்பனால் முடியவில்லை. நெஞ்சு விம்மியது. வேரைப் பற்றியிருந்த பிடி நழுவியது. பாசி அவனைக் கீழே இழுத்தாள். அவன் கண்கள் செருகுவதைப் பார்த்ததும், இழுத்த கையாலேயே மேலே தள்ளினாள். தாமரை இலைக்கு அடியில் அவன் மூக்கை நீட்டினான். உடனே இருமல் வந்துவிட்டது.

ஒரு செந்நாய் தலையைத் திருப்பியது. "அங்கே என்ன சத்தம்?" என்று தண்ணீரில் கால் வைத்தது.

பாசி யோசிக்கவில்லை. மறுபக்கம் போய் நீரைப் பிளந்து எழுந்தாள். "இங்கே இருக்கிறேன், வாருங்கள்!"

கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் பாய்ந்தது. அவள் ஆழத்துக்குத் திரும்புவதற்குள் ஒன்று அவள் வாலைக் கவ்வியது. வால் நுனியை விட்டுவிட்டுத்தான் அவள் தப்பினாள்.

மறுநாள் புனுகுப்பூனை புதுக் குழல்களோடு வந்தது. "இன்று நாவல்பழ வாசம்," என்று கூவியது. குட்டிகள் சூழ்ந்தன. துடுப்பனுக்கும் நாக்கு ஊறியது. கால்கள் தாமாக நடந்தன. பாசி காயத்தை நக்கியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வாசம் போடாத குழல் கொடு," என்றான் துடுப்பன்.

புனுகுப்பூனை சிரித்துவிட்டது. "வாசம் போடாமல் கொடுத்தால் எந்தக் குட்டி வாங்கும்?"

சொன்ன பிறகுதான் அது வாயை மூடிக்கொண்டது. குட்டிகள் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு குழல்களைக் கீழே வைத்தன. துடுப்பனும் வெறுங்கையோடு அக்காவிடம் திரும்பினான். அவனுக்கு ஏக்கம் அடங்கவும் பழைய மூச்சு திரும்பவும் ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

வாசத்தையும் ருசியையும் காட்டிச் சிறுவர்களை அழைக்கும் நஞ்சு, கசக்கும் நஞ்சைவிடக் கொடியது.