கிளவுஸ் போடாத கை

அளக்கிறதுன்னா எங்க பக்கம் ரெண்டு அர்த்தம். டேப்பைப் பிடிச்சு அளக்கிறது ஒண்ணு, வாயால அளக்கிறது இன்னொண்ணு. மொதல்ல சொன்னது எனக்கு வராது. ரெண்டாவதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. பேரு தங்கப்பிரகாசம். ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு, "பெரியோர்களே, தாய்மார்களே, போர்வை வாங்கினா தலையணை இலவசம்"னு ஊரைச் சுத்தி வர்ற குரல் என்னோடதுதான். இருபது வருஷமா என் வாய்க்குத்தான் சம்பளம். கை சும்மா கூட வந்துக்கிட்டிருந்துச்சு.

அந்தக் கையால வந்த வினையைத்தான் சொல்லப்போறேன். நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க என் பொண்டாட்டி அஞ்சுகத்தைக் கேட்டுக்குங்க. அவ என்னை என்னிக்குமே நம்பினதில்லை.

கல்யாணமாகி பதினாலு வருஷத்துல பதினோரு வாடகை வீடு மாறினோம். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது"ன்னு சொல்லாத வீட்டுக்காரரை நான் பாத்ததே இல்லை. எங்க கல்யாண போட்டோ பெரிசா பிரேம் போட்டது. பதினாலு வருஷமா கட்டிலுக்கு அடியிலதான் படுத்துக் கெடக்கு. நகை வேணும், புடவை வேணும்னு அஞ்சுகம் கேட்டதில்லை. தன்னோட சுவத்துல தன் கையால ஒரு ஆணி அடிக்கணும். அவ்வளவுதான் அவ கேட்டது.

அப்பத்தான் ஒரு தொண்டு அமைப்புக்காரங்க வந்தாங்க. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட நிலம் வாங்கி, எங்களை மாதிரி பதினெட்டு குடும்பத்துக்கு வீடு கட்டித் தர்றோம்னாங்க. கூலி ஆள் கிடையாது. ஆரோக்கியம்னு ஒரே ஒரு மேஸ்திரி. மத்ததெல்லாம் ஞாயித்துக்கிழமையானா சும்மா வந்து மண்ணு தூக்குற காலேஜ் பொண்ணுங்க, பேங்க் ஆபீசருங்க, ரிட்டயர்டு வாத்தியாருங்க. வீட்டு விலையை வாடகை மாதிரி மாசா மாசம் கட்டிக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். வீடு வேணுங்கிற குடும்பம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும், ஆளுக்கு இருநூறு மணி நேரம் கையால உழைக்கணும். பாதி நேரம் சொந்த வீட்டுக்கு, பாதி நேரம் அடுத்தவங்க வீட்டுக்கு. "வாயால உழைச்சா சேத்துக்குவீங்களா?"ன்னு கேட்டுப் பாத்தேன். சேத்துக்க மாட்டாங்களாம்.

ஒன்றரை வருஷத்துல வீடெல்லாம் முடிஞ்சு பத்திரம் பதியற நாளும் வந்துச்சு. ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவுல பெஞ்சுல உக்காந்திருக்கோம். பத்திரம் எங்க ரெண்டு பேர் பேர்லயும். அதனால ரெண்டு பேர் கைரேகையும் மிஷின்ல விழணும். அங்கதான் எனக்குப் பயம். ஏன்னா, மூணு மாசமா ரேஷன் கடை மிஷின் என் கட்டை விரலைக் கண்டாலே சிவப்பு லைட்டைப் போடுது. அஞ்சுகம் விரலை வச்சுத்தான் அரிசி வாங்குறோம். இங்கயும் விழலைன்னா பத்திரம் நின்னு போயிரும். இருக்கிற வாடகை வீட்டை இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லியாச்சு.

பயம் வந்தா சில பேருக்கு வேர்க்கும். எனக்கு வாய் திறந்துக்கும்.

எங்களுக்குப் பக்கத்துல நிலம் விக்க வந்த பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு. "ஏன் தம்பி, நீங்க எல்லாரும் சேந்து நீங்களே கட்டிக்கிட்டீங்களாமே?"ன்னு கேட்டாரு. அவர் சொன்னதுல "எல்லாரும்"கிறது என் காதுல விழவே இல்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கினேன். நான் பேச ஆரம்பிச்சா அது தானா எந்திரிச்சுக்கும், சின்ன வயசுப் பழக்கம்.

"ஐயா, மொத நாளு நிவேதான்னு ஒரு காலேஜ் பொண்ணு எல்லாருக்கும் ரப்பர் கிளவுஸ் குடுத்துச்சு. 'சிமெண்ட் கையைத் தின்னுரும் அங்கிள், போட்டுக்குங்க'ன்னுச்சு. நான் கேட்டேன், 'ஏம்மா, சிமெண்ட் என்னைத் தின்னுமா, நான் சிமெண்டைத் தின்னுவேனா?' கிளவுஸைத் திருப்பிக் குடுத்துட்டேன். என் கை பட்டா சிமெண்ட் பயத்துலயே இறுகிரும்."

"உனக்குக் குடுத்த கிளவுஸ் உன் கைக்குப் பத்தலை. அதான் நிஜம்"னாரு சவரிமுத்து அண்ணன். ஆட்டோ ஓட்டுறவரு. எங்களுக்கு அடுத்த வீடு அவருக்கு வந்திருக்கு. அன்னிக்கு அவருக்கும் பத்திரம்.

"கை பெரிசுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்கல்ல அண்ணே? கேளுங்க ஐயா. அஸ்திவாரம் தோண்ட எனக்கு ஒரு கடப்பாரை குடுத்தாங்க. நாலடி தோண்டச் சொன்னாங்க. எனக்கு எங்க நிறுத்தணும்னு தெரியலை. தோண்டிக்கிட்டே போறேன், போறேன், கடைசியில வெளிச்சம் தெரியுது. எட்டிப் பாத்தா அடுத்த தெருக் கிணறு. ஒரு அம்மா தண்ணி எடுத்துக்கிட்டு இருக்கு. 'யாருப்பா அது உள்ள?'ன்னு கேட்டுச்சு. 'வீடு கட்டுறோம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு வாங்கிக் குடிச்சிட்டுத் திரும்பி வந்தேன்."

பெரியவர் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "கிணத்துக்குள்ள இருந்துக்கிட்டு மேல இருக்கிறவங்களைத் தண்ணி கேட்டியா?"ன்னாரு.

"பாத்திரம் அவங்ககிட்டல்ல இருந்துச்சு"ன்னேன்.

உங்களுக்கு நிஜத்தைச் சொல்லிர்றேன். நாலு தடவை கடப்பாரையைப் போட்டதும் எனக்கு மூச்சு வாங்கிருச்சு. அஞ்சுகம்தான் கடப்பாரையை வாங்கி மீதியைத் தோண்டினா. நான் மேல நின்னு ஆழம் எவ்வளவுன்னு விரலைக் காட்டிச் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நிஜத்தைச் சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள ஒவ்வொரு டோக்கனாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எங்களுது முப்பத்தொண்ணு. அப்பதான் இருபத்தாறு போய்க்கிட்டிருந்துச்சு. எனக்குக் கட்டை விரல் அரிச்சுது.

"அடுத்தது செங்கல் ஐயா. வரிசையா நின்னு கைமாத்தி விடுவாங்கல்ல, அதெல்லாம் எனக்கு ஆகாது. கீழ நின்னே வீசினேன். நான் வீசுற வேகத்துக்கு மேஸ்திரியால சாந்து போட முடியலை. கல்லெல்லாம் அந்தரத்துல அதது இடத்துல நின்னுக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கு. மேஸ்திரி சாவகாசமா ஒவ்வொரு கல்லுக்கு அடியிலயும் சாந்தை வச்சுக்கிட்டே வந்தாரு. இடையில டீ குடிக்கவும் போனாரு. ஒரு கல்லு கூட நகரலை."

"மேஸ்திரி சாந்து போட்ட மாதிரி இல்லையே, உன்னைப் போட்டுத் திட்டின மாதிரில்ல இருந்துச்சு"ன்னாரு சவரிமுத்து அண்ணன். "பெரியவரே, இவன் கட்டின மொதச் செவுரு கள்ளுக்கடையில இருந்து வர்றவன் மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னுச்சு. மேஸ்திரி ஒரு எத்து விட்டாரு. முடிஞ்சுது."

"அண்ணே, அது சாயலை. மேஸ்திரி வந்ததும் குனிஞ்சு வணக்கம் சொல்லுச்சு. மரியாதை தெரிஞ்ச செவுரு. எத்து விட்டது அவர் தப்பு."

அஞ்சுகம் பக்கத்துல உக்காந்து பத்திர நகலைப் படிச்சுக்கிட்டே இருந்தா. "மறுபடி அந்தச் செவுத்தைக் கட்டினதையும் சொல்லுங்க"ன்னா, தலையைத் தூக்காமலே.

அதைத்தான் நான் சொல்ல நினைக்கலை. செவுரு இடிஞ்ச அன்னிக்கு எனக்கு அவமானமாப் போச்சு. எல்லாரும் போனதும் நானும் மேஸ்திரியும் மட்டும் நின்னோம். "மைக்குக்காரரே, கலவையைக் கையால தொட்டுப் பழகுங்க, அப்பதான் பதம் தெரியும்"னாரு. அதுக்கப்புறம் நாலு மாசம் ஒவ்வொரு நாள் சாயங்காலமும், ஆட்டோவுல மைக்கு வேலை முடிஞ்சதும், கலவையைக் கையாலயே பிசைஞ்சேன். கல்லு இடுக்குல கையாலயே சாந்தை அடைச்சேன். எங்க வீட்டுக்கும் அடைச்சேன், சவரிமுத்து அண்ணன் வீட்டுக்கும் அடைச்சேன். அப்ப கிளவுஸ் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனா மொத நாள் அவ்வளவு பேசிட்டு, அந்தப் பொண்ணுகிட்ட எந்த மூஞ்சியோட போய்க் கேக்குறது?

இதெல்லாம் சொல்றதுக்கு என்ன ருசி இருக்கு, நீங்களே சொல்லுங்க. அதனால பெரியவருக்கு நான் கூரை போட்ட கதையைச் சொன்னேன்.

"கூரைக்குக் கான்கிரீட் போடுற அன்னிக்கு ஐயா, நாப்பது பேர் வந்திருந்தாங்க. பாதி போட்டாச்சு. மேக்கால இருந்து மேகம் ஒண்ணு வந்துச்சு பாருங்க, கப்பல் மாதிரி. மழை விழுந்தா அத்தனையும் பாழ். பேங்க் ஆபீசருங்க எல்லாம் தார்ப்பாயைத் தேடி ஓடுறாங்க. நான் சாரத்து மேல ஏறி நின்னேன். இந்த விரலை இப்படித் தூக்கினேன். மைக்குல பேசுற குரல்லயே சொன்னேன், 'கிழக்கே போற மேகம் அவர்களின் கனிவான கவனத்திற்கு. இது ஏழைங்க வீடு. பக்கத்து ஊர்ல நிலம் காய்ஞ்சு கெடக்கு, அங்க போங்க'ன்னு. மேகம் நின்னு யோசிச்சுது. 'எந்த வழியாப் போகணும்?'னு கேட்டுச்சு. 'ரயில்வே கேட்டைத் தாண்டி இடது பக்கம்'னேன். போயிருச்சு."

"அன்னிக்குக் கேட்டு மூடியிருந்துச்சே"ன்னாரு பெரியவர். நிலம் விக்க வந்த மனுஷன், ஊரு தெரிஞ்சவரு.

"அதான் அந்த ஊருக்கு மழை அரை மணி நேரம் லேட்டு"ன்னேன்.

சவரிமுத்து அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "பெரியவரே, இவன் ஒரு கல்லு கூடத் தூக்கலை. நான் பாத்தப்பெல்லாம் விரலை நீட்டிக்கிட்டு நின்னுதான் பாத்திருக்கேன். இவன் கணக்குல இருக்கிற இருநூறு மணி நேரமும் அஞ்சுகம் உழைச்சதுதான்."

அவர் ஆட்டோவைப் போட்டுட்டு வர்றது ராத்திரி ஒம்போது மணிக்கு. நான் கலவை பிசைஞ்சதை அவர் பாத்ததில்லை. அவர் வீட்டு அடுப்படிச் செவுத்தை அடைச்சதே நான்தான்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள, "முப்பத்தொண்ணு"ன்னு கூப்பிட்டாங்க.

மொதல்ல அஞ்சுகம். வேலை நடந்த அத்தனை நாளும் கிளவுஸைக் கழட்டாதவ. கட்டை விரலை வச்சா, பச்சை லைட்டு. ஒரே தடவைதான்.

அடுத்தது நான். கட்டை விரலை வச்சேன். சிவப்பு. கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்த பொண்ணு, "துடைச்சிட்டு வைங்க சார்"னுச்சு. வேட்டியில துடைச்சு வச்சேன். சிவப்பு. இடது கட்டை விரல், சிவப்பு. இடது ஆள்காட்டி விரல், அப்புறம் ரெண்டு கையிலயும் நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல்னு ஒண்ணொண்ணா வச்சாச்சு. கிறிஸ்துமஸ் வீடு மாதிரி சிவப்பு எரியுது. அஞ்சுகம் கைப்பையில இருந்து தேங்கா எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தா. ரேஷன் கடைக்காகன்னு எப்பவும் வச்சிருப்பா. எண்ணெயைத் தடவினா, துடைச்சா. சிவப்பு.

"கண்ணைப் பாக்குற மிஷின் இருக்குமே?"ன்னு கேட்டா அஞ்சுகம்.

"ரிப்பேருக்குப் போயிருக்கும்மா. எப்ப வரும்னு தெரியாது. இவரு பேரை எடுத்துட்டு வேற பத்திரம் எழுதிட்டு வர்றீங்களா?"

வேற பத்திரம்னா அந்த அமைப்போட செயலாளர் மறுபடி மெட்ராஸ்ல இருந்து வரணும். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். எங்களுக்கு இருந்தது பதினோரு நாள். இருபது வருஷத்துல மொதத் தடவையா எனக்குப் பேச ஒண்ணும் கிடைக்கலை. அஞ்சுகம் முகத்தைப் பாக்க தைரியம் இல்லாம, என் கையையே பாத்துக்கிட்டு நின்னேன்.

பின்னாடி நின்ன சவரிமுத்து அண்ணன் வந்து என் கையைப் பிடிச்சுத் திருப்பினாரு. உள்ளங்கையைத் தடவிப் பாத்தாரு. விரல் நுனியெல்லாம் தேய்ஞ்சு, கூழாங்கல்லு மாதிரி வழுவழுன்னு இருந்துச்சு.

"அப்ப நீ நிஜமாவே வேலை செஞ்சியா?"ன்னாரு.

"உங்க அடுப்படிச் செவுரு அண்ணே. உங்க பாத்ரூம் செவுரும்"னேன். குரல் எனக்கே கேக்கலை.

"இத்தனை நாளு வாய் கிழியப் பேசினியே, இதை ஏன்டா சொல்லலை?"

சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பாரா?

அஞ்சுகம் மட்டும் என் வலது கையை உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா. கம்ப்யூட்டர் பொண்ணு அடுத்த டோக்கனைக் கூப்பிட வாயைத் திறந்துச்சு. "ஒரு நிமிஷம்மா"ன்னு சொல்லி, என் வலது ஆள்காட்டி விரலைப் பிடிச்சு இழுத்தா. அதை யாரும் வைக்கச் சொல்லலை. அது பாட்டுக்கு இவ்வளவு நேரமும் மேல நீட்டிக்கிட்டு நின்னுச்சு, மத்த விரலையெல்லாம் வச்சப்பவும். அதைக் கொண்டுபோய்க் கண்ணாடி மேல அழுத்தினா.

பச்சை.

கம்ப்யூட்டர்ல ரேகை பெரிசாத் தெரிஞ்சுது. ஒவ்வொரு கோடும் புதுசாப் போட்ட தார் ரோடு மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. "இவ்வளவு சுத்தமான ரேகையை இந்த வருஷம் நான் பாக்கவே இல்லை சார்"னுச்சு அந்தப் பொண்ணு. பத்திரத்துல முத்திரை விழுற சத்தம் கேட்டுச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை.

கண்ணைத் துடைச்சிட்டு வராந்தாவுக்கு வந்தேன். பெரியவர் இன்னும் பெஞ்சுலதான் இருந்தாரு. என்ன ஆச்சுன்னு கேட்டாரு. கேட்டிருக்க வேண்டாம்.

"என்ன ஆகும் ஐயா? அவனவன் வீடு வாங்க ரெண்டு கையையும் கசக்கிப் பிழியிறான். நான் வாங்கினது இந்த ஒத்தை விரலால. மேகத்தை நிறுத்தின விரலாச்சே. மிஷின் பாத்ததும் அடையாளம் கண்டுக்கிச்சு"ன்னு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அஞ்சுகம் பத்திரத்தை மஞ்சள் பையில மடிச்சு வச்சா.

"மத்த ஒம்போது விரலும் வேலை செஞ்சுது, தேய்ஞ்சு போச்சு. இது ஒண்ணுதான் அளந்துக்கிட்டே நின்னுச்சு. அதை மடக்குங்க, போற வழியில ஆணி வாங்கணும்"னா.