ஏழு எண்ணிய பிறகு

சீடருக்கு அறுபத்தொரு வயது. குருவுக்கு நாற்பத்தொன்று.

சீடரின் பெயர் இருதயராஜ். திண்டுக்கல் தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் சௌந்தரவல்லி. வாரப் பத்திரிகை ஒன்றில் மாயக்கதைத் தொடர் எழுதுகிறவர். தன்னை யாராவது குரு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இருதயராஜ் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார்.

சனிக்கிழமை காலையில் இருதயராஜ் வருவார். தான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலைத் துணிப்பையில் கொண்டு வருவார். சௌந்தரவல்லிக்கும் சனிக்கிழமைதான் அத்தியாயம் அனுப்பும் நாள். மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை சௌந்தரவல்லி ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. வாஷிங் மெஷின் பாதியில் நின்றிருந்தது. மாமியாருக்கு பிரஷர் மாத்திரை கொடுத்தாரா இல்லையா என்று அவருக்கே சந்தேகம். படம் வரைகிறவர் போனில் இருந்தார்.

"சிறகு தோள்லயா மேடம், முதுகுலயா?"

"தோள்பட்டை எலும்புக்குக் கீழ. போன தடவை கோழி மாதிரி போட்டுட்டீங்க."

போனை வைத்துவிட்டு பீன்ஸை எடுத்தார். இருதயராஜ் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"ஒரு கேள்வி மேடம். நான் எழுதறது எனக்கே பொய்யாத் தெரியுது. நீங்க எழுதினா எல்லாரும் நம்புறாங்க. எப்படி நம்ப வைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியாது சார். இதை நறுக்கித் தர்றீங்களா?"

இருதயராஜ் கத்தியை வாங்கிக்கொண்டார். பாதி பீன்ஸ் நறுக்கியிருப்பார். மறுபடி போன் வந்தது.

ஒரு பெண்ணின் குரல். அழுகையும் மூச்சிரைப்பும் கலந்து வந்தது.

"இறகி கதை எழுதறவங்களா நீங்க? பத்திரிகை ஆபீஸ்ல நம்பர் வாங்கினேன். என் மக தண்ணி டேங்க் மேல ஏறி நிக்கிறாம்மா. பறக்கப் போறேங்கறா. உங்க கதையில வந்துச்சாமே. வேப்பிலையை நாக்குக்கு அடியில வச்சு, கண்ணை மூடி, ஏழு எண்ணினா சிறகு வருமாமே. யாராவது ஏணியில காலை வச்சா குதிச்சிருவேங்கறா. நீங்க வந்து சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாக் கேப்பா."

"எந்த இடம்?"

பைபாஸ் பக்கத்தில் ஒரு காலனி. அந்தப் பெண் கஸ்தூரி, மகள் தர்ஷிகா, வயது பதினொன்று.

சௌந்தரவல்லி அடுப்பை அணைத்தார். செருப்பு மாட்டும்போது இரண்டு தடவை கால் மாறியது.

"வண்டியை எடுங்க சார்."

போன வாரம் வந்த அத்தியாயத்தை இருதயராஜும் படித்திருந்தார். தோளில் சிறகு முளைக்கக் காத்திருக்கும் இறகி என்ற சிறுமி, கோட்டையின் உச்சியில் நிற்கிறாள். பின்னால் எதிரிகள். வேப்பிலையை நாக்கின் அடியில் வைத்துக் கண்ணை மூடுகிறாள். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறாள். ஏழு என்றாள் இறகி. அதோடு தொடரும் என்று போட்டிருந்தது. படித்து முடித்தபோது இருதயராஜ் கைதட்டியிருந்தார்.

இப்போது சௌந்தரவல்லியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை ஓட்டினார். ஒவ்வொரு சிக்னலிலும் அவர் மனசுக்குள் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான்குக்கு மேல் போகாமல் அதை நிறுத்தப் பார்த்தார்.

காலனி முனையிலேயே டேங்க் தெரிந்தது. நாலு மாடி உயரம் இருக்கும். மேலே வட்டமான கான்கிரீட் விளிம்பு. அதன் ஓரத்தில் மஞ்சள் சுடிதாரில் ஒரு சின்ன உருவம். தோளில் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டியிருந்தது. காற்றில் அது படபடத்தது.

கீழே கூட்டம். சிலர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, இன்னும் வரவில்லை. காலனிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரு சுவரோரம் ஒட்டி நின்றார்கள். எங்கே, பறந்து காட்டு என்று காலையில் கேட்டவர்கள் அவர்கள்தான். இப்போது ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் குழந்தை விரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரி ஓடி வந்து சௌந்தரவல்லியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பொய்யின்னு சொல்லுங்கம்மா. எல்லாம் பொய்யி, நாந்தான் எழுதினேன்னு கத்திச் சொல்லுங்க."

சௌந்தரவல்லி வாயைத் திறந்தார். சுவரோரம் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

கஸ்தூரி மேலே பார்த்துக் கூப்பிட்டார். "தர்ஷி! கதை எழுதறவங்க வந்திருக்காங்கடி!"

"பொய்!" மேலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அப்படின்னா இறகியோட அம்மா பேர் என்னன்னு சொல்லச் சொல்லு!"

கூட்டம் சௌந்தரவல்லியைப் பார்த்தது.

"அது இன்னும் கதையில வரலம்மா," என்று அவர் கத்தினார். "நான் எழுதி வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. மேல வந்து உன்கிட்ட சொல்லட்டுமா?"

மேலே சிறுமி காற்றில் பறந்த போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் வாங்க."

சௌந்தரவல்லிக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடவே பயம். கைப்பிடிச் சுவர் பக்கம் போகமாட்டார். அது இருதயராஜுக்குத் தெரியும். "மேடம்" என்றார். அவர் அதற்குள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிவிட்டார்.

இரும்பு ஏணி. துருப்பிடித்த படிகள். முதல் பத்துப் படி ஏறினார். நின்றார். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அப்படியே இறங்கிவிடுவார் என்று இருதயராஜ் நினைத்தார். இறங்கினால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தார். சௌந்தரவல்லி மறுபடி ஏறினார். ஒரு செருப்பு கழன்று கீழே விழுந்தது. கஸ்தூரி அலறிவிட்டார்.

மேலே போனதும் சௌந்தரவல்லியால் எழுந்து நிற்க முடியவில்லை. கான்கிரீட்டில் தவழ்ந்தார். ஏணியின் வளைவுக் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

சிறுமி ஆறடி தள்ளி விளிம்பில் நின்றாள். உதடு காய்ந்திருந்தது. வாயோரம் பச்சையாக வேப்பிலைச் சாறு.

"பேர் சொல்லுங்க."

"கிட்ட வந்தாத்தான். இது ரகசியம்."

"அங்கிருந்தே சொல்லுங்க."

சௌந்தரவல்லி சொன்னார். சிறுமி அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருப்பதுபோல் தலையாட்டினாள்.

"ஏழு எண்ணினதும் என்ன ஆச்சு அவளுக்கு?"

"நான் இன்னும் எழுதல."

"உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியாது."

"தெரியாமலா எழுதுனீங்க?"

"ஆமா. செவ்வாய்க்கிழமை ராத்திரி சோறு வடிச்சிட்டு உக்காந்து எழுதினேன். ஏழுன்னு நிறுத்தினா நல்லா இருக்கும்னு தோணுச்சு. நிறுத்திட்டேன்."

சிறுமியின் முகம் சுருங்கியது.

"அப்ப சிறகு வராதா?"

சௌந்தரவல்லி யோசித்தார். வரும் என்றால் இவள் கண்ணை மூடுவாள். வராது என்றால், கீழே அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் எந்த முகத்தோடு இறங்குவாள்?

"நீ எத்தனை தடவை எண்ணின?"

"நாலு தடவை." சிறுமி கீழே பார்க்காமல் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் ஆறு வரைக்கும்தான் வருது. ஏழு வரமாட்டேங்குது."

"தர்ஷிகா, எனக்கு ஒரு உதவி பண்ணுவியா?"

"என்ன?"

"எனக்கு இறங்கத் தெரியல. எப்படியோ ஏறிட்டேன். கீழ பார்த்தா தலை சுத்துது. கம்பியில இருந்து கையை எடுக்க முடியல. நீ முன்னால இறங்கி, என் காலைப் பிடிச்சு ஒவ்வொரு படியா வைக்கிறியா? இல்லாட்டி நான் விழுந்துருவேன்."

சிறுமி அவருடைய கைகளைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

அவள் வாயிலிருந்த இலையைத் துப்பினாள்.

இறங்க இருபது நிமிஷம் ஆனது. கீழிருந்து பார்த்தவர்களுக்கு முதலில் மஞ்சள் சுடிதார் தெரிந்தது, அதற்கு மேல் புடவை. சிறுமி ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சௌந்தரவல்லியின் பாதத்தை எடுத்துப் படியில் வைத்தாள். "ஆங், அங்கதான். அடுத்த காலு. கீழ பாக்காதீங்க. என்னைப் பாக்காதீங்க. சுவத்தப் பாருங்க." அந்தக் குரல் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது. யாரும் பேசவில்லை. படம் எடுத்தவர்கள்கூடப் போனைத் தாழ்த்திவிட்டார்கள்.

தரையைத் தொட்டதும் கஸ்தூரி மகளை ஒரு அறை அறைந்தார். பிறகு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவன் மெல்ல வந்து கீழே கிடந்த செருப்பை எடுத்து சௌந்தரவல்லியின் காலருகே வைத்தான்.

திரும்பும் வழியில் இருதயராஜ் சொன்னார். "நல்ல யுக்தி மேடம். பயந்த மாதிரி காட்டி அவளை இறக்கிட்டீங்க."

சிறிது தூரம் போனதும் அவருக்கு முதுகில் ஏதோ உறுத்தியது. சௌந்தரவல்லி அவர் சட்டையைப் பிடித்திருந்தார். அந்தக் கை ஆடுகிற ஆட்டத்தில் சட்டையே குலுங்கியது.

இருதயராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். எதிரே ஒரு தோட்டம். அதில் ஒரு கிணறு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"என் நாவல்ல ஒரு பையன் கிணத்துல இறங்குறான் மேடம். மூச்சை அடக்கிட்டு அடியில போனா நாகர்கள் வாழுற பட்டணம் தெரியும்னு எழுதியிருக்கேன்."

"படிச்சேன் சார். நல்லா வந்திருக்கு."

"கிழிச்சிரட்டுமா?"

"ஏறி வர்றானா அவன்?"

"அந்த இடம் இன்னும் எழுதல."

சௌந்தரவல்லி கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மணி ஆகுது. போலாம் சார்," என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால். மாமியார் தானே குக்கரில் சாதம் வைத்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார். ஒரு வாசகியைப் பார்க்க என்று மருமகள் சொன்னார். சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தார்.

பத்திரிகையின் உதவி ஆசிரியர் அழைத்தார். இருதயராஜுக்கும் கேட்டது.

"மேடம், விஷயம் இங்க வரைக்கும் வந்திருச்சு. ரொம்பப் பதறிட்டோம். இந்த வாரம் அத்தியாயம் வேண்டாம். எழுத்தாளருக்கு உடல்நலமில்லைன்னு போட்டுக்கறோம். நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நாலு மணிக்கு வந்துரும்," என்று சௌந்தரவல்லி சொன்னார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

விசைகளைத் தட்டத் தொடங்கினார். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்தார். மறுபடி தட்டினார். மறுபடி அழித்தார்.

இருதயராஜால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவங்களே வேண்டாங்கறாங்க. கை இந்த ஆட்டம் ஆடுது. அந்தப் பிள்ளையும் நல்லபடியா இறங்கிருச்சு. ஒரு வாரம் விட்டா என்ன மேடம்?"

சௌந்தரவல்லி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ ஒருத்தி இறங்கிட்டா சார். போன வாரம் அதைப் படிச்ச மத்த பிள்ளைங்க எல்லாம் ஏழு எண்ணிட்டு இன்னும் மேலதான் நிக்கிறாங்க."