நொண்டாத குதிரைக்கு வந்த நொண்டி

ரொம்பக் காலத்துக்கு முந்தி கருங்குளச் சீமையை உத்தண்ட பூபதின்னு ஒரு ராஜா ஆண்டாரு. கோபம் வந்தா முன்னப்பின்ன பார்க்க மாட்டாரு. காலையில ஒருத்தன் கையில பொன்காப்பு போடுவாரு, சாயங்காலம் அதே கையில விலங்கு போடுவாரு. அப்பேர்ப்பட்டவர் போருக்குப் போய்த் தோத்துட்டு வந்தா எப்படி இருக்கும்? அரண்மனையில தும்மக்கூட ஆளுங்க பயந்தாங்க.

ஆத்தங்கரையில நடந்த சண்டை அது. போன குதிரைவீரர்கள்ல உயிரோட திரும்பினது ராஜாவும் தளவாய் செவ்வந்தியப்பனும்தான். மத்ததெல்லாம் வெறுங்குதிரை. சேணத்துல ரத்தம் காய்ஞ்சு, கடிவாளம் தரையில இழுபட, ஒண்ணொண்ணா கோட்டை வாசல்ல வந்து நின்னுச்சு.

அந்தக் குதிரைங்களைப் பழக்கினவர் சிக்கந்தர் ராவுத்தர். வாலிப வயசுல எந்தச் சீமைப் பந்தயத்துலயும் அவர் குதிரைதான் முன்னால வரும். அப்புறம் சவாரி சொல்லிக்கொடுக்கவே காலம் போச்சு. சின்ன வயசுல ராஜாவுக்கே வாத்தியார், ஒழுங்கா உட்காரலைன்னு தொடையில சாட்டையால ஒண்ணு வச்சவர். வாயும் நீளம். அதனாலயே தளவாய்க்கு அவரைக் கண்டா ஆகாது. ராவுத்தரோட ஒரே மகன் தாவூதும் அந்தச் சண்டைக்குப் போனவன்தான். அவனோட பெட்டைக்குதிரை மயிலி வெறும் முதுகோட வந்துச்சு. மனுஷன் அழக்கூட இல்ல. அது மேல இருந்த ரத்தத்தைக் கழுவிக்கிட்டு இருந்தாரு.

சபையில ராஜா கேட்டாரு: "ஏன்யா தோத்தோம்?"

"எல்லாம் குதிரைங்களாலதான், மகாராஜா!" தளவாய் முந்திக்கிட்டான். "முரசு அடிச்சதும் மிரண்டு, மேல இருந்தவங்களை உதறிட்டு ஓடியாந்துடுச்சு. நீங்களும் நானும்தான் கடைசிவரைக்கும் நின்னோம். பழக்கினவர் லட்சணம் அப்படி!"

"ஆளை உதறிட்டு வந்த குதிரை ஒண்ணுகூட உயிரோட இருக்கக் கூடாது. நாளைக்கே வெட்டிப் போடுங்க!"ன்னு ராஜா உத்தரவு போட்டாரு.

அந்த உத்தரவைச் சொல்ல லாயத்து வாசல்ல தண்டோரா போட்டாங்க. பறைச் சத்தம் கேட்டதும் வெறுங்குதிரைங்க எல்லாம் காதை நிமித்திக்கிட்டுச் சத்தம் வந்த பக்கம் கயித்தை இழுத்துச்சு. ராவுத்தர் பழக்கின பழக்கம் அது. ரெண்டு குதிரை மட்டும் பின்னால திரும்பிக்கிட்டு ஓடப் பார்த்துச்சு. முரசு கேக்கும்போது ஒரு தடவை திருப்பி ஓட்டிட்டா போதும், அடுத்த தடவை குதிரை தானாத் திரும்பும். வாழ்நாள் பூராக் குதிரையோட கிடந்தவருக்கு இது தெரியாதா? ஒண்ணு தளவாயோடது. இன்னொண்ணு ராஜாவோடது.

'அடப்பாவிகளா! என் புள்ளையை அங்க விட்டுட்டு ஓடியா வந்தீங்க?'ன்னு அவருக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா வாயைத் திறந்தா அவர் தலையும் போகும், குதிரைங்களும் போகும். முகத்தைத் துடைச்சுக்கிட்டு சபைக்குப் போனாரு.

"மகாராஜா, தாராளமா வெட்டுங்க. ஓடுகாலிக் குதிரை எனக்கும்தான் அவமானம். ஆனா எது ஓடுகாலின்னு பார்த்து வெட்டுங்க. மைதானத்துல முரசை அடிக்கச் சொல்லுங்க. முரசைப் பார்த்து வர்றதை விட்டுடுங்க, திரும்பி ஓடுறதை வெட்டுங்க."

தளவாய் சிரிச்சான். "என்ன ராவுத்தரே, குதிரைக்குப் பரீட்சையா?"

"ஆமாங்க. நல்ல குதிரை எப்படி நிக்கும்னு நீங்கதான் உங்க குதிரைமேல உட்கார்ந்து காட்டணும். பயமா இருந்தா வேண்டாம்."

"பயமா? எனக்கா?" தளவாய் மீசையை முறுக்கிக்கிட்டான். ராஜாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை வந்துருச்சு, சரின்னுட்டாரு.

மறுநாள் மைதானத்துல ஊரே கூடிருச்சு. முரசு முழங்குச்சு. வெறுங்குதிரைங்க அத்தனையும் முரசைப் பார்த்து ஓடி, அதுக்கு முன்னால வரிசையா நின்னுச்சு. தளவாய் குதிரையோ ஒரே சுத்தாச் சுத்தி, கோட்டை வாசலைப் பார்த்துப் பிச்சுக்கிட்டு ஓடுச்சு. "ஐயோ, நில்லு! நில்லு!"ன்னு அவன் பிடரியைக் கட்டிக்கிட்டு அலறுறான், தலைப்பாகை சாணியில கிடக்குது. ஜனங்க சிரிக்கல. புள்ளையைப் பறிகொடுத்தவங்கதானே பாதிப்பேரு? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க.

அந்த நேரம் பார்த்து ஆஸ்தானப் புலவர் எழுந்தாரு. "மகாராஜா, உங்க குதிரையையும் விடச் சொல்லுங்க! சிங்கம் எப்படி நின்னுச்சுன்னு ஊர் பார்க்கட்டும்!"

"ஆமாம், ஆமாம்!"னு கூட்டம் கத்துச்சு. ராஜா முகத்துல ஈயாடல.

ராவுத்தர் போய் ராஜாவோட குதிரைக் காலைத் தூக்கித் தடவிப் பார்த்தாரு. உதட்டைப் பிதுக்கினாரு. "முடியாதுங்க. முன்னங்கால் நொண்டுது."

குதிரை நாலு காலையும் ஊனிக் கம்பீரமா நிக்குது. ராஜா அதைப் பார்த்தாரு, ராவுத்தரைப் பார்த்தாரு. ஆசனத்தை விட்டு இறங்கிக் கிட்ட வந்து மெதுவாக் கேட்டாரு: "எப்போ... எப்போ சரியாகும்?"

"அது உங்க கையிலதான் இருக்கு, மகாராஜா. இந்தக் குதிரைங்க உயிரோட லாயத்துக்குத் திரும்பிட்டா, இது ஆயுசுக்கும் நொண்டும். இதுங்க சாகணும்னு சொன்னீங்கன்னா, இப்பவே குணமாயிடும்."

ராஜா சட்டுனு காவலாளுங்க பக்கம் திரும்பினாரு. "குதிரைங்களை லாயத்துக்கு ஓட்டிட்டுப் போங்க. ஒண்ணையும் தொடக் கூடாது." தளவாயை இழுத்துட்டு வந்து நிறுத்தினாங்க. ஓடினவனை வெட்டுன்னு சொல்ல ராஜாவுக்கு நாக்கு எழும்பல. "இவன் பதவியைப் பிடுங்குங்க. ஆத்தங்கரைக்கு நடந்தே போய், அங்க கிடக்கிறவங்களை அடக்கம் பண்ணட்டும்." கழுத்துல இருந்த முத்துமாலையைக் கழட்டி ராவுத்தர்கிட்ட நீட்டினாரு.

"மாலை எதுக்குங்க? நானும் ஆத்தங்கரைக்குப் போகணும், விடை கொடுங்க."

அங்க மயிலியை அதுபோக்குல விட்டாரு. அது நேராப் போய் ஒரு இடத்துல நின்னுச்சு. தாவூது கிடந்தான். அவனைச் சுத்தி மண்ணெல்லாம் மிதிபட்டுக் கிடந்துச்சு. அத்தனையும் ஒரே குதிரையோட குளம்படி.

"உதறிட்டு ஓடியாந்துச்சுன்னியே, வந்து பாருடா!"ன்னு, தளவாயா இருந்த செவ்வந்தியப்பனைப் பார்த்துக் கத்தினாரு ராவுத்தர். "என் புள்ளையைச் சுத்திச்சுத்தி வந்திருக்குடா!" அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாரு.

செவ்வந்தியப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மண்வெட்டியோட பக்கத்துல வந்தான். ராவுத்தர் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கிட்டாரு.

"மத்தவங்களுக்கு நீ தோண்டு. இவனுக்கு வேண்டாம்."