பொதியன் சொன்ன பொய்

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, மனித உடம்புக்குள் இருக்கிற உயிரணுக்கள்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. அப்போது கம்பங்காட்டில் பாடுபட்ட சடைச்சி என்பவளின் உடம்புக்குள் அண்ணன் தம்பி இருவர் பிறந்தார்கள். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் அவர்களுக்குத் தாய். மூத்தவன் வெள்ளையன், இளையவன் பொதியன்.

வெள்ளையனைத் தாய் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்து, ஆளாக்கி, ரத்த ஆற்றில் இறக்கிவிட்டாள். பொதியனையோ பால்குடி மறப்பதற்குள் வழியனுப்பினாள். "போய்ச் சேருற இடத்துலதான் உனக்குப் பக்குவம் வரும். மூக்குல போய் உக்காரு, கண்ணு" என்றாள். அவள் சொன்னபடியே மூக்குக்கு வந்த பிறகுதான் பொதியன் வளர்ந்தான். உடம்பெல்லாம் சின்னச் சின்னப் பைகள் உருவாயின. பையெல்லாம் காந்தல் சாறு. அதை இன்றைக்கு டாக்டர்கள் ஹிஸ்டமின் என்கிறார்கள், பொதியனை மாஸ்ட் செல் என்கிறார்கள்.

பெயர் வைத்து என்ன செய்ய? அவனுக்கு வயிறு எரிந்தது. முள் குத்தினால் ஓடுகிறவன் வெள்ளையன், பேர் வாங்குகிறவனும் வெள்ளையன். "என்னை அரைவேக்காட்டுல தள்ளிவிட்டுட்டா அம்மா. அண்ணனுக்கு ஆறு, எனக்குச் சளி" என்று புலம்புவான். அண்ணன் வேறு போகிற போக்கில், "என்ன தம்பி, மூட்டையெல்லாம் பத்திரமா?" என்று சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அதுதான் பொதியனுக்குப் பொறுக்கவில்லை.

அந்த உடம்பில் ஒரு வழக்கம் உண்டு. பகைவன் வந்தால், பார்த்தவன் அங்கே கொக்கி செய்கிற மாமா ஒருவரிடம் அடையாளம் சொல்ல வேண்டும்; இன்றைக்கு டாக்டர்கள் பி செல் என்பது அந்தக் கொக்கி மாமாவைத்தான். அவர் அந்த முகத்துக்கென்றே அளவெடுத்துக் கொக்கிகள் செய்து பொதியன் மேல் மாட்டிவிடுவார். அதே பகைவன் மறுபடி வந்து, பக்கத்துப் பக்கத்துக் கொக்கி இரண்டில் சிக்கினால் பைகள் தாமாகவே உடையும். ஆற்றின் கரை இளகி வழிவிடும். வெள்ளையன் படையோடு வந்து இறங்குவான்.

ஒரு புரட்டாசியில் கம்பு பூத்தது. பூந்தூள் ஒன்று காற்றோடு மூக்குக்குள் இறங்கி, "வழி தவறிட்டேங்க. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்" என்றது.

அந்தப் பக்கம் வந்த வெள்ளையன், "உக்காரு, உக்காரு. உன்னால யாருக்கு என்ன கெடுதல்?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொதியனுக்குச் சுருக்கென்றது. தன் வாசலில் யார் உட்காரலாம் என்று சொல்ல அண்ணன் யார்? நேரே கொக்கி மாமாவிடம் போனான்.

"பகைவன் வந்திருக்கான், மாமா."

"நல்லாப் பாத்தியா? ஒரு தடவை அச்சு வார்த்துட்டா, அதை அழிக்க எனக்கே தெரியாது."

"என் கண்ணால பாத்தேன்."

பார்த்தது பொய்யில்லை. பகைவன் என்றதுதான் பொய். மாமா கொக்கி செய்து மாட்டினார்.

மறுவருடம் சடைச்சி காட்டுக்குள் நுழைந்ததும் பூந்தூள்கள் கூட்டமாக வந்தன. "போன வருசம் எங்க அக்காவுக்கு இடம் குடுத்தீங்களாமே!" என்றது முன்னால் வந்தது. பொதியனுக்கு மனசு உறுத்தியது. "கிட்ட வராதே, போயிடு!" என்று கத்தினான். அதற்குள் அது இரண்டு கொக்கிகளில் சிக்கிவிட்டது. பைகள் படபடவென்று உடைந்தன. சடைச்சிக்கு மூக்கு வீங்கி அடைத்தது, கண் சிவந்து நீர் கொட்டியது, தும்மலோ நிற்கவே இல்லை. மூச்சுக்குத் தவித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளையன் மூச்சிரைக்க வந்து நின்றான். "எங்கடா பகைவன்?"

பொதியன் பூந்தூளைக் காட்டினான்.

"இதுவா? நெசமாவா தம்பி?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்காக அண்ணன் ஓடிவந்தது அதுதான் முதல் தடவை. "ஆமாண்ணே, இவன்தான்" என்றான்.

வெள்ளையன் நம்பினான். தம்பியின் தோளைத் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்றான். பிறந்ததிலிருந்து பொதியன் ஏங்கிய சொல் அது. அதைக் கேட்ட அதே நேரத்தில் வெளியே சடைச்சி மூச்சுக்குத் திணறுவதும் அவன் காதில் விழுந்தது.

அன்று தொடங்கியதுதான், ஒரு பாவமும் அறியாத பூந்தூள் பட்டாலே சிலருக்குக் கண் கலங்கி மூக்கு அடைத்துக்கொள்வது. பொதியனும் உடைந்த பைகளில் மறுபடி சாறு நிரப்பிக்கொண்டு, சொன்னது பொய் என்று சொல்ல வாய் வராமல், இன்றைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.